சட்டை கழற்றத் திணறும் மலைப்பாம்பு: கண்ணுக்கு முன் வாலைப் பாருங்கள்

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறோம். என் 14 வயது மகள் பால் பைதன் என்று இங்கே விற்கும் பந்து மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறாள். வயது இரண்டு, நீளம் மூன்று அடி. கோடையில் இரண்டு முறை சட்டை முழுதாகக் கழன்றது. இந்த ஜனவரியில் துண்டு துண்டாகத்தான் வந்தது. முதுகில் காய்ந்த தோல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. வால் நுனியில் வளையம்போல் ஒன்று இருக்கிறது. இடது கண் மங்கலாக, சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அந்தக் கண்ணில் ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் எடுக்கலாமா? தேங்காய் எண்ணெய் பூசினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறார் என் மாமியார். பாம்பு இப்போதெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் கிடக்கிறது. இருப்பது 40 கலன் கண்ணாடித் தொட்டி, வலை மூடி, மேலே 100 வாட் வெப்ப விளக்கு, கீழே ஆஸ்பன் மரச்சீவல். முள் வைத்த ஈரப்பதமானி 50 சதவீதம் காட்டுகிறது.

பதில்: சாமணம் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இந்த இரண்டையும் இன்று செய்யாமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

உங்கள் கவலையெல்லாம் கண்ணில் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது வால் நுனி. கண்ணில் தங்கிய தோல் அடுத்த சட்டை வரை காத்திருக்கும். வாலில் வளையமாக ஒட்டிய தோல் காத்திருக்காது. அது காயக் காயச் சுருங்கி இறுகும். நுனிக்குப் போகும் இரத்தம் குறையும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பகுதி கறுத்துச் செத்து, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். எனவே முதலில் வால் நுனியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வளையத்துக்கு அப்பால் உள்ள பகுதி மற்ற வாலின் நிறத்திலேயே, மென்மையாக இருந்தால் வீட்டில் முயற்சி செய்ய இரண்டு மூன்று நாள் அவகாசம் உண்டு. வீங்கியோ, கருநீலமாகவோ, காய்ந்து கடினமாகவோ இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சட்டை எப்படிக் கழல்கிறது என்று தெரிந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது தானாக விளங்கும். பழைய தோலுக்கு அடியில் முதலில் புதிய தோல் முழுதாக உருவாகிறது. பிறகு இரண்டுக்கும் நடுவே உடல் ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அதிலுள்ள நொதிகள் பழைய தோலின் பிடியைக் கரைத்துவிடுகின்றன. உடல் மங்கி, கண்கள் பால் கலந்த நீலமாகத் தெரியும் நாட்கள் இவைதான். சில நாட்களில் கண் மறுபடி தெளியும். அதற்குப் பின் பாம்பு மூக்கைச் சொரசொரப்பான எதிலாவது உரசி உதட்டோரத்தில் தோலைப் பிரித்து, காலுறையை உட்புறம் வெளியே வரக் கழற்றுவதுபோல் முழுச் சட்டையையும் ஒரே துண்டாக விட்டுவிட்டு வெளியேறும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும்.

உடலில் நீர் குறைந்தால் அந்தத் திரவம் போதாது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் பிரிந்த பழைய தோல் கழலும் முன்பே காய்ந்து, புதிய தோலோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் பாம்புக்கு நடந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன தொட்டியும் மாதமும் அதையே சொல்கின்றன.

வெளியே −10 பாகை குளிரில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதம் இருந்தாலும், அதே காற்றை வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 30 என்று உயர்த்தி வைக்கின்றன. அந்த 30 சதவீதக் காற்று தொட்டிக்குள் போய் விளக்கின் கீழ் 32 பாகையை அடையும்போது ஏறக்குறைய 17 சதவீதம் ஆகிவிடுகிறது. வலை மூடியின் மேல் எரியும் விளக்கு இன்னொரு கெடுதலும் செய்கிறது. சூடான காற்று வலை வழியாக மேலே போய்க்கொண்டே இருக்கும், அந்த இடத்துக்கு அறையின் வறண்ட காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். கோடையில் சட்டை சரியாகக் கழன்று குளிர்காலத்தில் மட்டும் துண்டாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்புகள் பகலெல்லாம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடப்பவை. மேலே புல்வெளி காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். தொட்டியில் நாம் தரவேண்டியது அந்த வளையின் காற்று: சாதாரண நாட்களில் 60 முதல் 70 சதவீதம், கண் மங்கத் தொடங்கியதிலிருந்து சட்டை கழலும் வரை 70 முதல் 80.

இப்போது ஒட்டியிருக்கும் தோலுக்கு வருவோம். கடைசியாக இரை கொடுத்து 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் தூக்கினால் விழுங்கியதைக் கக்கிவிடலாம். பாம்பு தாராளமாகச் சுருண்டு கிடக்கக்கூடிய, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, பக்கங்களில் காற்றுத் துளைகள் போடுங்கள். இரண்டு பழைய துவாய்களை 30 பாகைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒன்றை அடியில் விரித்து மற்றதை மேலே தளர்வாகப் போடுங்கள். தண்ணீரின் சூட்டைக் கையால் மதிப்பிடாதீர்கள். நம் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும் தண்ணீர் 38, 40 பாகை இருக்கும், அது பாம்புக்கு ஆபத்து. வெப்பமானியை வைத்தே பாருங்கள். பாம்பை அந்தப் பெட்டிக்குள் விட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். பெட்டிக்குள் 27 முதல் 30 பாகை நிலைக்க வேண்டும். தொட்டியின் சூடான பக்கத்துக்கு அருகே வைத்தால் போதும். வெப்பக் காற்று வரும் தரைத் துவாரத்தின் மேல் வைக்காதீர்கள். ஒரு மணி நேரமும் யாராவது அருகில் இருக்க வேண்டும்.

பலர் பாம்பைத் தண்ணீரில் அமிழ்த்தி ஊறவைக்கிறார்கள். ஈரத் துவாய் அதைவிட நல்லது. பாம்பு பதறாது, மூழ்கும் பயமில்லை, துவாயின் சொரசொரப்பிலேயே பாதித் தோல் உரிந்துவிடும். தண்ணீரில்தான் விடவேண்டும் என்றால் ஆழம் அதன் உடல் தடிப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

வெளியே எடுத்ததும் இன்னொரு ஈரத் துவாயைக் கையில் மடித்துப் பிடித்து, பாம்பின் கழுத்துக்குப் பின்னால் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் இழுக்க வேண்டாம். பாம்பு தானாக முன்னோக்கி ஊர்ந்து உங்கள் கைக்குள்ளால் போகட்டும். எப்போதும் தலையிலிருந்து வாலை நோக்கியே. மறுபக்கமாகத் தேய்த்தால் செதில் நிமிர்ந்து கிழியும். ஊறிய தோல் 10, 15 நிமிடத்தில் துண்டுகளாகத் துவாயோடு வரும். வராத இடத்தை நகத்தால் கிள்ளாதீர்கள். கீழே உள்ள புதிய தோல் இன்னும் மெல்லியது. இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும், அந்தப் புண்ணில் கிருமி புகும். நிறுத்திவிட்டு மறுநாள் திரும்பச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான், தொடர்ந்து மூன்று நாள் வரை. ஒரு நாளிலேயே நான்கு முறை செய்தால் பாம்பு களைத்துப்போகும், தோல் அதிகமாக ஊறிப் புண்ணாகும்.

வால் நுனிக்குத் தனிக் கவனம் தேவை. பெட்டியிலிருந்து எடுத்ததும் நனைந்த மெல்லிய துணியை வளையத்தின் மேல் வைத்து, விரல்களால் ஐந்து நிமிடம் மெதுவாகப் பிடித்திருங்கள். பிறகு ஈரமான பஞ்சுக் குச்சியை வளையத்தின் மேல் விளிம்பிலிருந்து நுனியை நோக்கி உருட்டுங்கள். சில பாம்புகளில் முந்தைய சட்டையின் வளையமும் அடியில் இருக்கும். ஒன்று கழன்றபின் இன்னொன்று தெரிந்தால் திகைக்க வேண்டாம். துணியை வாலில் கட்டி வைக்காதீர்கள். காயும்போது அதுவும் இறுகும். மூன்றாம் நாளும் வளையம் அசையவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் போக வேண்டியதுதான். அவர் அதைச் சில நிமிடங்களில் பாதுகாப்பாக எடுத்துவிடுவார்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி உங்கள் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: காய்ந்த பாம்புத் தோலை இளக்குவது தண்ணீர். எண்ணெய் மேலே படலமாகப் படிந்து, அந்தத் தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்கும். அதோடு மரச்சீவலின் தூசும் சேர்ந்து ஒட்டி, வாயோரத்திலும் மூக்குத் துளையிலும் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய்க்கும் இதே பதில்தான். சட்டை கழற்ற உதவும் என்று விற்கும் தெளிப்பான்களில் நல்லது செய்வதில் பெரும்பங்கு தண்ணீருக்கே. அதைக் குழாயிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

இனிக் கண். பாம்புக்குத் திறந்து மூடும் இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று நிலையாக மூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் செதிலின் வெளிப்படலம் சட்டையோடு சேர்ந்தே கழலும். கழன்ற சட்டையின் தலைப் பகுதி கிடைத்தால் அதை நனைத்து விரித்துப் பாருங்கள். கண் இருந்த இடங்களில் சிறிய கண்ணாடிக் குமிழ்போல் இரண்டு படலம் முழுதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் அந்தப் படலம் இன்னும் கண்ணில்தான் இருக்கிறது.

தலைப் பகுதி தொலைந்துவிட்டதா? அப்படியானால் இரு கண்களையும் ஒப்பிடுங்கள். படலம் தங்கிய கண் பளபளப்பின்றி மங்கியிருக்கும், ஓரத்தில் காய்ந்த விளிம்பு தெரியும். பளபளப்பு இருந்து மேற்பரப்பு மட்டும் குழி விழுந்தாலோ சுருங்கினாலோ, அங்கே தங்கிய படலம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். உடலில் நீர் குறைந்த பந்து மலைப்பாம்புகளில் இப்படிக் குழி விழுவது வழக்கம், ஈரம் கிடைத்ததும் சரியாகும். பெரிய கேடு இங்கேதான் நடக்கிறது. இந்தக் குழியைத் தங்கிய படலம் என்று நினைத்துச் சாமணம் வைப்பவர்கள் பாம்பின் உண்மையான கண்செதிலையே உரித்துவிடுகிறார்கள். அது போனால் விழி வெளிக்காற்றில் காய்ந்து, கிருமி புகுந்து, கண்ணே போய்விடும். ஒட்டும் நாடாவைக் கண்ணில் வைத்து எடுக்கும் காணொளிகள் உலவுகின்றன. அதையும் செய்யாதீர்கள், எவ்வளவு எளிதாகக் காட்டினாலும்.

பாதுகாப்பற்ற எதையும் செய்யாமல் கண்ணுக்குச் செய்யக்கூடியது உண்டு. கெடாமல் வைக்கும் இரசாயனம் (preservative) கலக்காத செயற்கைக் கண்ணீர் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரு முறை ஒரு துளி விடுங்கள். அதில் ஒரு முறை, பாம்பை ஈரப் பெட்டிக்குள் விடுவதற்குச் சற்று முன்பாக இருக்கட்டும். நன்கு ஊறியபின் ஈரமான பஞ்சுக் குச்சியால், மூக்குப் பக்கத்திலிருந்து பின்புறமாக, இறகு படும் அளவு அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை வருடலாம். வந்தால் வரட்டும். வராவிட்டால் அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள். இந்த வயதில் அது சில வாரங்களில் வந்துவிடும். ஈரப்பதன் சரியாக இருந்தால் பழைய படலமும் அதோடு சேர்ந்தே போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கண் புடைத்தாலோ, உள்ளே மஞ்சளாக, வெள்ளையாக எதுவும் தேங்கித் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. செதிலுக்கு அடியில் சீழ் கோத்திருக்கலாம்.

தண்ணீர்க் கிண்ணத்தில் கிடப்பதைப் பற்றி நீங்கள் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது முக்கியமான செய்தி. பாம்பு அப்படிக் கிடப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: காற்று வறண்டிருக்கிறது, தொட்டி மிதமிஞ்சிச் சூடாக இருக்கிறது, அல்லது உடலில் சிற்றுண்ணி பற்றியிருக்கிறது. முதலாவது உறுதி. மூன்றாவதைச் சோதித்துவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் கசகசா அளவு கறுப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடக்கின்றனவா? தாடைக்குக் கீழுள்ள மடிப்பிலும் கண் விளிம்பிலும் அவை நகர்கின்றனவா? நனைந்த வெள்ளைக் காகிதத் துவாயால் உடலைத் துடைத்தால் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் படுகின்றனவா? ஒன்றுக்காவது ஆம் என்றால், சட்டை சரியாகக் கழலாததில் உண்ணிக்கும் பங்கு உண்டு. அதற்கான மருந்தின் அளவை மிருக வைத்தியரே சொல்லட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

சட்டையை ஊறவைத்து எடுத்துவிட்டுத் தொட்டியை அப்படியே விட்டால் அடுத்த முறையும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள். தொட்டியில் முதலில் மாற்ற வேண்டியது மரச்சீவல். ஆஸ்பன் ஈரத்தைத் தாங்காது, நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். தேங்காய்த் தும்புத் துண்டுகளையும் தும்புச்சோற்றையும் கலந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். தும்புச்சோறு மட்டும் போட்டால் காய்ந்ததும் தூசு பறக்கும். உங்கள் தொட்டிக்கு 30 முதல் 40 லீட்டர் தேவைப்படும். இங்கே கடைகளில் அமுக்கிய கட்டியாக விற்பதில் இலங்கையிலிருந்து வருவதும் உண்டு. சைப்பிரஸ் மரப்பட்டையும் நல்லது. பைன், சீடர் சீவல்கள் கூடாது, அவற்றின் வாசனை எண்ணெய்கள் பாம்பின் மூச்சுப்பையை உறுத்தும்.

ஈரத்தை மேலிருந்து தெளிப்பது வீண். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மூலைகளில் அரை லீட்டர் வீதம் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்தும் இருப்பதுதான் சரியான நிலை. மேற்பரப்பே சதசதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, பழுப்பாகி அழுகத் தொடங்கும். ஈரப்பதனுக்குப் பயந்து வறளவிடுபவர்களும் உண்டு, வறட்சிக்குப் பயந்து சேறாக்குபவர்களும் உண்டு. இரண்டிலும் பாதிக்கப்படுவது பாம்பு.

வலை மூடியின் முக்கால் பங்கை வெளிப்புறமாக அலுமினியத் தகட்டாலோ வெட்டிய அக்ரிலிக் பலகையாலோ மூடுங்கள். விளக்கைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், தீ விபத்துக்கு இடம் வைக்காதீர்கள். தொட்டியின் உட்புறத்தில் ஒட்டும் நாடா எதையும் பயன்படுத்தக் கூடாது. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டு விடுவிக்கும்போது தோல் உரிந்து வருவது அடிக்கடி காணும் காயம். விளக்குக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை என்றால் இந்த வாரமே வாங்குங்கள். மூடியை அடைத்தபின் அதே 100 வாட் முன்பைவிட அதிகமாகச் சூடேற்றும். சூடான பக்கத்து மறைவிடத்தில் 31, 32 பாகை, குளிர்ந்த பக்கத்தில் 25, 26. இரவிலும் 24க்குக் கீழே போகக்கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுப்பையில் சளி பிடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, சீறாமலே விசில்போல் ஒலி வருவது, வாயோரம் நுரை தெரிவது எல்லாம் அதன் அறிகுறி.

முள் வைத்த ஈரப்பதமானி காட்டும் 50ஐ நான் நம்பவில்லை. உணர்கம்பி உள்ள டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி, உணர்கம்பியைத் தும்பின் மட்டத்தில், தொட்டியின் நடுவில் வையுங்கள். அதையும் ஒரு முறை சோதியுங்கள். போத்தல் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, கரையாமல் ஈரமண்போல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு காற்றுப் புகாத பைக்குள் அடைத்து அறைச் சூட்டில் 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதம் ஆகிவிடும். கருவி 70 காட்டினால் அது ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும் இந்த வாரம் செய்ய முடியாவிட்டாலும் ஒன்றை இன்றே செய்யலாம், அதுதான் ஈர மறைவிடம். ஐந்தாறு லீட்டர் பிளாஸ்டிக் உணவுப் பெட்டியின் பக்கத்தில் பாம்பின் தடிப்பைவிடச் சற்றுப் பெரிய துளை வெட்டி, விளிம்பை மணல்தாளால் மழுங்கத் தேயுங்கள். ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்து, இறுகப் பிழிந்து, பாதிப் பெட்டிக்கு நிரப்பி மூடி, சூடான பக்கத்தின் ஓரத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை பாசியை அலசுங்கள், நாற்றமோ பூஞ்சையோ கண்டால் எறிந்துவிடுங்கள். தொட்டி முழுதும் வறண்டிருந்தாலும் பாம்பு தனக்கு வேண்டிய ஈரத்தை இங்கே தேடிக்கொள்ளும். கூடவே மூக்கை உரசக் கூர்முனை இல்லாத சொரசொரப்பான தக்கைப் பட்டை ஒன்றும் வையுங்கள். வழுவழுப்பான கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மட்டும் உள்ள தொட்டியில் பாம்புக்குச் சட்டையைத் தொடங்கவே இடமில்லை.

அடுத்த சட்டைக்கு முன் கண் மங்கும் நாட்களில் மகள் பாம்பைத் தூக்க வேண்டாம். பார்வை மங்கியிருப்பதால் மிரண்டு கடிக்கலாம், புதிய தோலும் எளிதில் காயப்படும். அப்போது இரையும் வேண்டாம், பெரும்பாலும் அதுவே மறுத்துவிடும். எடையைச் சமையல் தராசில் வாரம் ஒரு முறை குறித்து வரச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் தொடர்ந்து இரண்டு சட்டை துண்டாகக் கழன்றால், காரணம் காற்றில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்று கொண்டு மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போய்ப் பயனில்லை. ஊர்வன, இருவாழ்வி மருத்துவர்களின் சங்கமான ஏ.ஆர்.ஏ.வி. தன் இணையதளத்தில் வைத்தியர் பட்டியல் வைத்திருக்கிறது.

ஊறவைக்கும் பெட்டியையும் துவாய்களையும் இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் மகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பாம்பையும் இந்தப் பொருட்களையும் அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுத்த சட்டை கழன்றதும் அது காயும் முன் எடுத்து, தலையிலிருந்து வால் நுனி வரை பாருங்கள். இரண்டு கண் படலமும் வால் கூம்பும் அதில் இருக்க வேண்டும். இடது கண் அப்போதும் மங்கலாகவே இருந்தால், அந்தச் சட்டையை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பாம்போடு சேர்த்து வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.